என் வீட்டுக்காரரின் மசக்கை

பெண்ணாகப் பிறந்தவள் காரணம் சொல்லாமல் படுத்துக்கொள்ள மசக்கை ஒன்றுதான் வழி. அதையும் என் வீட்டுக்காரர் தட்டிப் பறித்துக்கொண்டார்.

நம்ப மாட்டீர்கள். எங்கள் தெருவிலும் முதலில் யாரும் நம்பவில்லை. எனக்கு நாள் தள்ளிப்போய், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறுதி செய்துகொண்டு வந்த அதே வாரம், ஒரு காலையில் அத்தை குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கடுகு வெடித்ததும் கொல்லைப்பக்கம் "உவ்வே" என்று ஒரு சத்தம். மாவரைத்துக்கொண்டிருந்த நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். எங்கள் இருவரில் யாரும் வாந்தி எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால், முருங்கை மரத்தைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறார் உதயசூரியன், என் புருஷன்.

"என்னடா தம்பி, என்னத்தத் தின்ன?" என்றார் அத்தை பொன்னுத்தாய்.

"ஒண்ணுமில்லத்தா. அந்தத் தாளிப்பு வாசம்..." என்று தொடங்கியவர், வாசத்தைச் சொன்னதுமே மறுபடி குனிந்துவிட்டார்.

இவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கேட்டதுமே என் மாமனார் எந்தக் கட்சிக்காரராக இருந்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகனுக்கு அரசியலில் ஈடுபாடு இல்லை, மாட்டில்தான். வல்லத்திராக்கோட்டையைச் சுற்றி எங்கே வாடிவாசல் திறந்தாலும் முதல் சுற்றில் நிற்கிற மாடுபிடி வீரர். எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய சாமான் குறைவு. அண்டா, பீரோ, மிக்ஸி, இரண்டு சைக்கிள், உட்கார ஆளில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் இவர் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கிப் பரிசாகக் கொண்டுவந்தவை. மற்ற மாதங்களில் நெல்லும் கடலையும் போடுகிற சாதாரண விவசாயி. தை பிறந்துவிட்டால் கையில் பிடிக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவர்தான் டீ வாசம் ஆகாமல், சோப்பு வாசம் ஆகாமல், பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம் ஆகாமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுருண்டு கிடந்தார். மூன்றாம் நாள் மாங்காய் வேண்டும் என்றார். தை மாதத்தில் மாங்காய்க்கு எங்கே போவது? அத்தை கறம்பக்குடிக்கு ஆள் அனுப்பி எப்படியோ நாலு காய் வாங்கிவிட்டார். கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, என் மூக்குக்கு நேராகத் தட்டைக் கொண்டுபோனார். நான் கையை நீட்டினேன்.

"ஒனக்கென்னத்தா, நீ நல்லாத்தானே இருக்க" என்று தட்டை உயரத் தூக்கிக்கொண்டார்.

நல்லாத்தான் இருந்தேன். அதுதான் என் பிரச்சினை. மூன்று வேளைச் சோற்றை நாலு வேளையாகச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக் கருவாட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எந்த வாசமும் எனக்குக் குமட்டவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அமுதவல்லி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் ராசலெச்சுமி, ஒனக்கு ஓங்கரிப்பே இல்லையா? நெசமா தங்கியிருக்கா?" என்று கேட்டார். குடத்தை அவர் காலிலேயே போட்டிருப்பேன். நல்ல குடமாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஏன் அத்தனை கோபம் என்றால், அவர் கேட்டதைத்தான் நான் தினமும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், நாலாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா கருவியை அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டிவிட்டு, "துடிப்பு இல்லையேம்மா" என்றார். இவர் அப்போது ஜல்லிக்கட்டுக் களத்தில் இருந்தார். இவர் போன் யாரோ ஒருவர் சட்டைப்பையில் கிடந்தது. பொழுது சாயப் பரிசுக் கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு சிரித்த முகமாக வந்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. மறு வாரம் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தடவையும் எனக்கு வாந்தி இல்லை. அதனால் இந்தத் தடவை வாந்தி வந்தால்தான் குழந்தை நிற்கும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது பிரஷைத் தொண்டை வரை விட்டுப் பார்ப்பேன். கொட்டாவிதான் வரும். அதே நேரம் கொல்லையில் இவர் ஊரே கேட்க ஓங்கரிப்பார். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் இருக்கும் இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, எல்லாம் பதிந்து கொடுப்பேன். இப்போது ஜல்லிக்கட்டுக்கும் ஆன்லைனில்தான் பதிய வேண்டும். தை மாதம் முழுக்க மீசை வைத்த வீரர்கள் எல்லாம் ஆதார் அட்டையோடு என் முன்னால் பவ்வியமாக வரிசையில் நிற்பார்கள். குளத்தூர்ப் பக்கம் பெரிய ஜல்லிக்கட்டு ஒன்று அறிவித்திருந்தார்கள். இவரும் வந்து நின்றார். பின்னால் இவருடைய கூட்டாளி ராசு.

"ஒடம்பு இருக்குற இருப்புக்கு மாடு பிடிக்கணுமா?" என்றேன்.

"அதுக்குள்ள சரியாயிரும். நீ போடு" என்று குரலைத் தாழ்த்தினார்.

அந்த நேரம் பார்த்து யாருக்கோ ஒரு அட்டையை லேமினேஷன் மிஷினில் விட்டிருந்தேன். சூடான பிளாஸ்டிக் வாசம் கிளம்பியது. இவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, பஸ்ஸுக்கு நின்றவர்கள் முன்னால் சாக்கடைப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். ராசு என் வயிற்றைப் பார்த்தான், இவர் முதுகைப் பார்த்தான், அவன் முகத்தில் மெதுவாக விளக்கு எரிந்தது.

"மாப்ள, எத்தனாவது மாசம்டா?"

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மாடுபிடி உதயசூரியன் முழுகாமல் இருக்கிறான். டீக்கடையில் இவருக்கு மட்டும் கிளாஸை இரண்டு கையாலும் நீட்டினார்களாம். பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தாராம். என்னை யாரும் விசாரிக்கவில்லை. வழியில் பார்க்கிறவர்களெல்லாம், "வீட்டுக்காரருக்கு இப்பத் தேவலையா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு உயிர்க்காரி நான், தெரிந்துகொள்ளுங்கள் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

மானம் போனதும் இவர் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். எங்கள் சுகாதார நிலையத்து டாக்டர் தேவிப்ரியாவுக்கு வைத்தியத்தைக் காட்டிலும் வைத்தியத்தின் பழங்கதைகளில் பிரியம் அதிகம். சளிக்கு மாத்திரை கேட்டால், சளி எங்கிருந்து வருகிறது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யார் யார் என்ன நினைத்தார்கள் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் மாத்திரை எழுதுவார். வெளியே வரிசை வாசல் தாண்டி நிற்கும். நல்ல பெண். கதை மட்டும் கொஞ்சம் அதிகம்.

இவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்ததும், மஞ்சள் காமாலை இல்லை, புண் இருப்பதாகவும் தெரியவில்லை என்றார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, "வீட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நான் கையைத் தூக்கினேன். டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது ரொம்பப் பழைய சங்கதிங்க. இங்கிலாந்துல ஒரு காலத்துல ஆம்பளைக்குப் பல் வலிச்சா, பொண்டாட்டி மாசமா இருக்குறதாலதான்னு நம்புனாங்க."

"எங்கூர்ல பல்லு வலிச்சா சொத்தைம்போம்" என்றார் அத்தை.

"இருங்கம்மா. அந்தக் காலத்து வைத்தியருங்க, ஒடம்பக் கெடுக்குறது எது எதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. காத்து, சாப்பாடு, தூக்கம்... அதே வரிசையில பயம், துக்கம், கோவம். மனசுக்குள்ள போட்டு அடைச்சா, அது ஒடம்புல எங்கிட்டாச்சும் ஒரு வழி தேடிக்கும்."

பிறகு ஒரு கதை சொன்னார். கிரேக்க நாட்டுப் பக்கம் ஒரு இளவரசன் காரணம் தெரியாமல் படுத்த படுக்கையாகிவிட்டானாம். ஒரு வைத்தியர் வந்தார். மருந்து எதுவும் தரவில்லை. அவன் நாடியைப் பார்த்துக்கொண்டே, யார் யார் அறைக்குள் வரும்போது என்ன ஆகிறது என்று கவனித்தார். ராஜாவின் இளைய ராணி நுழைந்ததும் நாடி குதித்துவிட்டது. நோய் என்னவென்று அவருக்கு விளங்கிவிட்டது.

"எளைய ராணின்னா?" என்றார் அத்தை.

"அவனுக்குச் சித்தி முறை."

"சித்தி மேலயா? ச்சீ! இதையா படிச்சுப்புட்டு வந்தீங்க?" அத்தை எழுந்தே விட்டார். இழுத்து உட்காரவைத்தேன்.

டாக்டர் அசரவில்லை. இவர் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "நான் சொல்றதக் கேட்டுக்கிட்டே இருங்க, பதில் வேணாம்" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தார். மாடு என்றார். வாடிவாசல் என்றார். கொம்பு என்றார். குடல் சரிகிறது என்றார். "வாயக் கழுவுங்க" என்று அத்தை கத்தினார். இவர் நாடி, வயலுக்கு நடந்து போகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்ததாம். டாக்டரின் முகம் வாடிவிட்டது.

அப்போது நர்ஸ் கதவைத் திறந்து, "ராஜலட்சுமி! ஒங்க ஸ்கேனுக்குத் தேதி போட்டாச்சு, சீட்ட வாங்கிக்கங்க" என்றார்.

"குதிச்சிருச்சு!" என்று டாக்டர் அலறினார். இவர் முகம் வெளுத்து, மேசைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடையை இரண்டு கையாலும் எடுத்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

டாக்டருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டாயிரம் வருஷத்துக் கதை ஒன்று வல்லத்திராக்கோட்டையில் பலித்துவிட்டதல்லவா. இவர் வாய் கொப்பளித்து வந்ததும், "ஒங்களுக்குள்ள ஒரு பயம் இருக்கு. அத வாய் திறந்து சொல்லுங்க, வயிறு தானா அடங்கும்" என்றார்.

"பயமா? எனக்கா?" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "சீறிட்டு வார காளையவே..."

அதற்கு மேல் முடியாமல் மறுபடி கூடையைத் தேடினார்.

நான் நர்ஸிடம் சீட்டை வாங்கிப் பார்த்தேன். குளத்தூர் ஜல்லிக்கட்டு நாளும் அதே நாள்தான். இவர் தேதி என்னவென்று கேட்பார் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னதை அத்தை தன் வழியில் புரிந்துகொண்டார். மனக்குறை இருக்கிறது, சரி. யாருடைய குறை? அன்றைக்கெல்லாம் யோசித்து, விடிந்ததும் கண்டுபிடித்துவிட்டார். முழுகாமல் இருக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று வகைவகையாக ஆக்கிக் கொண்டுவந்து போட வேண்டும். கட்டுச்சோறு என்போம். போன தடவை அந்த நாள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போடாத சோறு, தீராத ஆசையாகி, இந்தத் தடவை வழி தவறி மகன் வயிற்றில் வந்து உட்கார்ந்துவிட்டதாம்.

"அப்ப எனக்குத்தானே அத்தை போடணும்?" என்றேன்.

"ஒனக்குப் போட்டா ஒனக்குத் தீரும். மசக்கை யாருக்கு இருக்கு? அவனுக்கு. யாருக்குப் போடணும்?"

இந்தக் கணக்குக்கு எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. குளத்தூரிலிருந்து என் அண்ணன் நல்லதம்பியும் அண்ணியும் ஐந்து தூக்குவாளியோடு வந்து இறங்கினார்கள். மணை போட்டார்கள். என் புருஷன் அதில் உட்கார்ந்தார். கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம். கதவை அடைத்துத்தான் செய்ய வேண்டும் என்று இவர் கெஞ்சியதால் கதவை அடைத்தார்கள். ஜன்னலை யாரும் நினைக்கவில்லை. தெருப் பெண்கள் மொத்தமும் அங்கேதான் நின்றார்கள்.

அண்ணி கண்ணாடி வளையலை எடுத்தார். திமிலை இறுக்கிப் பிடிக்கிற கை. விரல் கணுவைத் தாண்ட மாட்டேன் என்றது. மூன்று வளையல் உடைந்தது. கடைசியில் வேப்பங்குச்சியை வளைத்து நூல் சுற்றி மாட்டிவிட்டார்கள். "மாப்ள, ஆம்பளப் புள்ளையா பெத்துக் குடுங்க" என்றான் என் அண்ணன். பாவி, சிரிக்காமல் சொன்னான். ஜன்னலில் குலவை கிளம்பியது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? அடுப்படியில். என் மசக்கைச் சோற்றுக்கு நானே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் முகத்தில் தெறித்தது. அந்த அப்பளங்களை என்ன வேகத்தில் திருப்பினேன் என்று அப்பளத்துக்குத்தான் தெரியும்.

அதிசயம் என்னவென்றால், இவர் சாப்பிட்டார். ஐந்து சோற்றையும் சாப்பிட்டார், இரண்டாம் தடவை போட்டதையும் சாப்பிட்டார், ஒரு சின்ன ஓங்கரிப்புக்கூட இல்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அத்தை சுகாதார நிலையத்துக்கே போய் டாக்டரிடம் பெருமையடித்துவிட்டு வந்தார். டாக்டர் கேட்டுக் குறித்துக்கொண்டு, "நம்பிக்கையும் ஒரு மருந்துதாம்மா. ஆனா அந்தப் பயத்த அவர் இன்னும் சொல்லலியே" என்றாராம். "சொல்லி என்னத்த ஆகப் போகுது, அதான் திங்கிறான்ல" என்று அத்தை கையை விரித்துக் காட்டினார்.

ஜல்லிக்கட்டு நாள் வந்தது. விடியும்போதே ராசுவின் பைக்கில் இவர் கிளம்பிவிட்டார். "பேப்பர் பண்டல் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிட்டு வாரேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு நான் தனியாகப் பஸ் ஏறினேன். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. கூட வருகிறவர்களின் முகத்தை அப்புறம் பார்க்க வேண்டியிருக்கும். போன தடவை அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

களத்தில் நடந்ததை ராசு எனக்குப் பிறகு சொன்னான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான், இருந்தாலும் சொல்கிறேன். வீரர்களை உள்ளே விடுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் நம் தேவிப்ரியா. இவர் எடை சரி, பிரஷர் சரி. மஞ்சள் பனியனைக் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக நாடி பார்க்கக் கையைப் பிடித்த டாக்டர், வேப்பங்காப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பேச்சுவாக்கில், "இன்னிக்குத்தானே ராஜலட்சுமிக்குப் புதுக்கோட்டைல ஸ்கேன்? யாரு கூடப் போயிருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

டாக்டர், நாடி எங்கேயோ போய்விட்டது என்று கத்தியிருக்கிறார். இவர் ராசுவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வருகிற கூட்டத்துக்கு எதிரில் ஓடியிருக்கிறார். மைக்கில், "வல்லத்திராக்கோட்டை உதயசூரியன் எங்கிருந்தாலும் உடனடியாகக் களத்துக்கு வரவும்" என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்களாம்.

ஸ்கேன் சென்டரில் எனக்கு முன்னால் வயிறும் துணைக்கு வந்த அம்மாவுமாக ஒரு வரிசை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் கேரி பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார். கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து பஸ் ஏறிப் போய்விடலாமா, தெரியாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. மஞ்சள் பனியன், நெஞ்சில் நம்பர், அரைக்கால் சட்டை, முழங்கால் வரை புழுதி. வரிசையில் இருந்த பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். இவர் என் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

எவ்வளவோ சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். மாங்காய், அப்பளம், அந்தக் கட்டில், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. இவருடையது களத்தில் கத்திப் பழகிய குரல், மெதுவாகப் பேசத் தெரியாது. அத்தனை பெண்களும் கேட்கச் சொன்னார்.

"கேக்கப் பயமா இருந்துச்சு லெச்சுமி. போன தடவ நான் கட்டிலத் தூக்கிட்டு வாரேன், நீ சுவத்தப் பாத்துப் படுத்திருக்க. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. இந்தத் தடவயும் அப்படி ஆயிருமோன்னு காலைல கண்ணு முழிச்சதும் அதான் வருது. வயித்தப் பெரட்டிருது. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

அவரை நார் நாராகக் கிழிக்க வாயைத் திறந்தேன்.

"எனக்கும்" என்று வந்தது.

அவ்வளவுதான் வந்தது. வேறு எதையும் தேடினால் கிடைக்கவில்லை. குழாயடியில் அமுதவல்லி அக்காவிடம் வந்த கோபம், அத்தையிடம் வந்த கோபம், எண்ணெய்ச் சட்டியிடம் வந்த கோபம், எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. எனக்கு மசக்கை இல்லை என்று இத்தனை நாள் அழாத குறையாக இருந்தேன். எனக்கும் இருந்திருக்கிறது. இவருக்கு வாந்தியாக வந்தது, எனக்குக் கோபமாக வந்திருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை விடாமல் எடுத்திருக்கிறேன்.

"ராஜலட்சுமி, உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டார். இவரும் கூடவே வந்தார். நர்ஸ் கையை நீட்டித் தடுத்தார்.

"ஆம்பளைங்க வரக்கூடாது. பேஷண்ட் மட்டுந்தான்."

"மசக்கை எனக்குத்தாங்க" என்றார் இவர்.

வரிசை மொத்தமும் சிரித்தது. வாந்தி எடுத்த சின்னப் பெண்கூடச் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. நர்ஸ் இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கதவுகிட்டயே நிக்கணும், எதையும் தொடக் கூடாது" என்று விட்டுவிட்டார்.

வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவினார்கள். ஸ்கேன் டாக்டர் எதுவும் பேசாமல் கருவியை உருட்டினார். அங்கிட்டு ஒரு தடவை, இங்கிட்டு ஒரு தடவை. இந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவர் எதையோ திருகினார். சத்தம் கேட்டது. வேகமாக, ஒன்றன்பின் ஒன்றாக, யாருக்கும் காத்திருக்காமல் அது பாட்டுக்கு ஓடியது.

"துடிப்பு நல்லா இருக்கும்மா" என்றார்.

கண்ணைத் திறந்தபோது இவர் கதவருகில் இல்லை. நர்ஸ் சொன்னதையெல்லாம் மறந்து என் தலைமாட்டுக்கே வந்திருந்தார். வாந்தி இல்லை. வாய் கோணிக்கொண்டு போனது. கண்ணீர் புழுதியில் கோடு போட்டு இறங்கியது. ஒரு கையால் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"சிஸ்டர், மொதல்ல அவருக்கு ஒரு சேர் போடுங்க" என்றார் ஸ்கேன் டாக்டர்.

சேர் வருவதற்குள் நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் விழுந்துவிடுவார்.